வள்ளியா வந்து ஔவையா நின்ன குரல்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மா



பங்குனி உத்திரம் நெருங்கிட்டா கொடுமுடி காவிரிக்கரையைப் பார்க்கணும். மேளச் சத்தம், மயில்தோகை வச்ச காவடி, மஞ்சள் துணி, தீர்த்தக் குடம். ஆத்துல முங்கி எழுந்து, குடத்துல தண்ணி மோந்து, மகுடேசுவரரைக் கும்பிட்டுட்டு, அங்கிருந்தே பழனிக்கு நடையைக் கட்டுவாங்க. இதைப் படிக்கிறவங்கள்லயே சில பேர் அந்தத் தீர்த்தக் காவடியில நடந்திருப்பீங்க.

அதே கரையில பிறந்து, குரலாலேயே பழனிக்குக் காவடி எடுத்தவங்க ஒருத்தங்க உண்டு. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். நாம கே.பி.எஸ். அம்மான்னு சொல்றவங்க.

கே.பி.எஸ்.னு சொன்னதும் நம்ம கண்ணு முன்னாடி வர்றது ஒரே ஒரு உருவம்தான். நரைச்ச தலை, நெத்தி நிறைய திருநீறு, கையில கோல், கோவிச்சுக்கிட்டு நிக்கிற பாலமுருகனைச் சமாதானம் பண்ற ஔவைப் பாட்டி. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம்னு எந்த நாள் வந்தாலும் கோயில் ஒலிபெருக்கியில கேக்குறது அந்தப் பாட்டியோட குரல். அதனால அவங்க பிறக்கும்போதே பாட்டியா பிறந்த மாதிரி நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்.

ஆனா பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேக்குற நண்பர்கள்கிட்ட பேசிப் பாருங்க. அவங்க வேற ஒரு சுந்தராம்பாளைச் சொல்லுவாங்க. இருபது வயசுப் பொண்ணு. மேடையில வள்ளி வேஷம் கட்டினவங்க. அந்த வள்ளி எப்படி இந்த ஔவை ஆனாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா, நாம தினமும் கேக்குற பாட்டு வேற மாதிரி கேக்கும். அந்தக் கதைதான் இன்னிக்கு.

பசியில் ஆரம்பிச்ச பாட்டு

1908-ல் கொடுமுடியில் பிறந்தார் சுந்தராம்பாள். அம்மா பேரு பாலாம்பாள். வீட்டில் வறுமை. பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சின்ன வயசிலேயே சுந்தராம்பாளுக்கு நல்ல குரல். ஈரோடு, கரூர் பக்கம் ஓடுற ரயில்கள்ல பாடிக் காசு சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தாங்கன்னு ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க. பாட்டை ரசிச்ச பெரியவங்க சிலர் கைகொடுத்ததால நாடகக் கம்பெனிக்குள்ள நுழைய முடிஞ்சது.

முதல்ல கிடைச்ச வேஷங்கள்ல ஒண்ணு, நல்லதங்காள் நாடகத்துல பசியில் வாடுற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்பட்டிருக்காது. பசின்னா என்னன்னு அதுக்குத் தெரியும். சபை அழுதது. அன்னிக்குத் தொடங்கின மேடை வாழ்க்கை.

அந்தக் கால நாடகம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க. மைக் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கி விடிய விடிய நடக்கும். கொட்டகையில கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிற ஆளுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேக்கணும். பக்கத்துல துணைக்கு ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், அவ்வளவுதான். தொண்டை ஒண்ணுதான் மூலதனம். இன்னைக்கு கே.பி.எஸ். குரலைக் கேட்டு, எப்படி இவ்வளவு உசரத்துல இவ்வளவு கணீர்னு வருதுன்னு ஆச்சரியப்படுறோம். அந்தப் பயிற்சி அவங்களுக்கு மைக் இல்லாத கொட்டகைகள்ல கிடைச்சது. பத்து வயசுல இருந்து ராத்திரி ராத்திரியா அதைத்தான் பண்ணாங்க.

வேலனும் வள்ளியும்

அந்தக் காலத்துல தமிழ் நாடகக்காரங்களுக்கு இலங்கை பெரிய களம். தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறினா கொழும்பு. சுந்தராம்பாளுக்குக் கொழும்பில் நல்ல பேரு. 1926-ல் அங்கே வந்து சேர்ந்தார் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டைக்காரர். 1906-ல் பிறந்தவர், அப்போ வயசு இருபது. தமிழ்நாட்டு மேடையில அவருக்கு நிகர் அவர்தான்னு பேரெடுத்தவர்.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் நாடகத்தை நம்ம எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கும் தென்மாவட்டங்கள்ல கோயில் திருவிழான்னா அந்த நாடகம் இல்லாம இருக்காது. அந்த நாடகத்துல கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. தினைப்புனத்துல காவல் காக்குற வள்ளியும், வேடன் வேஷத்துல வந்து வம்பு பண்ற முருகனும் பாட்டாலயே தர்க்கம் பண்ணிக்குவாங்க. அவர் ஒரு ராகத்துல கேள்வி போட்டா இவங்க அதே ராகத்துல பதில் சொல்லணும். அவர் மேலே ஒரு ஸ்வரம் ஏறினா இவங்க அதுக்கும் மேலே ஏறணும்.

இதுல ஒரு சங்கதி கவனிங்க. சாதாரணமா ஆணுக்கு ஒரு சுருதி, பெண்ணுக்கு வேற சுருதி. ரெண்டு பேரும் ஒரே ஹார்மோனியத்துக்குப் பாடணும்னா யாராவது ஒருத்தர் சிரமப்படணும். கிட்டப்பாவோ ஆண்களுக்கு வழக்கமில்லாத உயரத்துல அநாயாசமாப் பாடினவர். அதனால ரெண்டு பேரும் ஒரே சுருதியில, யாரும் யாருக்காகவும் இறங்கி வராம, நேருக்கு நேர் நின்னு பாட முடிஞ்சது. அப்படி ஒரு ஜோடி அதுக்கு முன்னால தமிழ் மேடைக்குக் கிடைக்கலைன்னு பெரியவங்க சொன்னதுல மிகை இல்லை.

மேடையில வேலனும் வள்ளியுமா நின்னவங்க 1927-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இதை நம்ம முருகன் கதை மாதிரி இனிப்பா மட்டும் சொல்லிட்டுப் போறது சரியில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது. சாதி வேற. ரெண்டு குடும்பத்திலும் நிம்மதி இல்லை. பிறந்த குழந்தையும் தங்கலை. கொஞ்ச வருஷத்துலயே ரெண்டு பேருக்கும் நடுவுல மனக்கசப்பு வந்து பிரிஞ்சு வாழற நிலைமை. சுந்தராம்பாள் கொடுமுடியில, அவர் செங்கோட்டையில. ஊரே கொண்டாடின ஜோடிக்கு வீட்டுக்குள்ள நாலு வருஷ வாழ்க்கைகூட முழுசாக் கிடைக்கலை.

மூணு நிமிஷத் தட்டு

இந்த வருஷங்கள்ல நடந்த இன்னொரு விஷயம்தான் நமக்குக் கிடைச்ச பாக்கியம். கிராமபோன் கம்பெனிகள் ரெண்டு பேரையும் தனித்தனியாப் பிளேட்டு கொடுக்க வச்சாங்க.

பிளேட்டுன்னா அரக்கு கலந்து செஞ்ச கறுப்புத் தட்டு. நிமிஷத்துக்குச் சுமார் 78 சுத்து சுத்தும். ஒரு பக்கத்துல மூணு நிமிஷம், கொஞ்சம் கூடப் போனா மூணரை. அவ்வளவுதான் இடம். மேடையில ஒரு பாட்டை அரை மணி நேரம் விரிச்சுப் பாடுறவங்க, பிளேட்டுக்குன்னு வந்தா எல்லாத்தையும் சுருக்கணும். ராகத்தோட முகம் முதல் பத்து விநாடியில தெரிஞ்சாகணும். பல்லவி, சரணம், ஒரு சின்ன ஸ்வரம், முடிவு. நடுவுல தப்பு வந்தா வெட்டி ஒட்ட முடியாது. முதல்லேர்ந்து மறுபடி பாடணும்.

அதுக்கு முன்னால எல்லாம் பெரிய ஊதுகுழல் மாதிரி இருக்கிற குழாய்க்குள்ள கத்திப் பாடினாத்தான் பதிவாகும். 1925-ல் மேல்நாட்டில் மைக் வச்சுப் பதிவு பண்ற முறை வந்து, கொஞ்ச நாள்ல நம்ம பக்கமும் வந்து சேர்ந்தது. சரியா அந்த நேரத்துலதான் இவங்க பாட வந்தாங்க. அதனாலதான் குரலோட நெளிவு, மூச்சு, ஒரு சொல்லைத் தேய்ச்சு விடுற அழகு எல்லாம் இன்னைக்கும் அந்தத் தட்டுல உக்காந்திருக்கு.

கிட்டப்பா பாடின பிளேட்டுகள்ல தியாகராஜரோட எவரனி கீர்த்தனை இன்னைக்கும் சங்கீதக்காரங்க மெச்சுறது. வள்ளி திருமணத்துல வர்ற காயாத கானகத்தே பாட்டு அவர் பேரோடயே ஒட்டிக்கிட்டது. நாடகக்காரர்தானேன்னு ஒதுக்க முடியாத சங்கீதம். சுந்தராம்பாள் பாடின பிளேட்டுகள்ல முருகன் பாட்டும் உண்டு, தேசியப் பாட்டும் உண்டு. ரெண்டு பேருமே கதர் உடுத்தினவங்க. காந்தியைப் பத்தின பாட்டுகளை அவங்க குரல்ல கேக்குறதுக்காகவே, கிராமபோன் இருக்கிற வீட்டுத் திண்ணையில ஊர் கூடின காலம் அது.

வள்ளியா நின்னு பாடின நாடகம் எதையும் நாம பார்க்கப் போறதில்லை. அதைப் படம் பிடிச்சவங்க கிடையாது. அந்த மூணு நிமிஷத் தட்டுகள் மட்டும்தான் சாட்சி.

1933

1933 டிசம்பர் 2. செங்கோட்டையில் கிட்டப்பா காலமானார். உடம்பு கெட்டு, மேடையில பாட முடியாத நிலைமைக்கு வந்து, 27 வயசுல போயிட்டார். பிரிஞ்சிருந்தாலும் சுந்தராம்பாளுக்கு உலகமே அவர்தான். செய்தி கொடுமுடிக்கு வந்தது.

அவங்களுக்கு அப்போ வயசு 25. இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. இதைப் படிக்கிற உங்கள்ல நிறைய பேரோட வயசு.

நகைகளைக் கழட்டினாங்க. வெள்ளைப் புடவை கட்டினாங்க. இனிமே எந்த ஆணோடயும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தாங்க. மேடைக்கே வராம கொடுமுடி வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க. அப்போ அவங்க தமிழ்நாட்டில் நல்லாச் சம்பாதிக்கிற கலைஞர்களில் ஒருத்தர். ஒரு ராத்திரியில் எல்லாம் நின்னு போச்சு.

இதைப் படிச்சிட்டு, ஆகா என்ன பதிபக்தின்னு கைதட்டிட்டு நகர்ந்துடாதீங்க. அன்னைக்கு இருந்த சமூகம் ஒரு 25 வயசுப் பொண்ணு மேல வச்ச பாரம் அது. சட்டப்படியும் ஊர்ப்பேச்சுப்படியும் அவங்க உறவை ஏத்துக்காதவங்க நிறைய பேர். மனைவின்னு முழுசா ஒத்துக்காத ஊரு, விதவைன்னு மட்டும் உடனே ஒத்துக்கிச்சு. அந்த அநியாயத்தை அவங்க வாய் திறந்து சண்டை போட்டுக் கேக்கலை. வேற ஒரு விதமாக் கேட்டாங்க.

துக்கத்துல இருந்தவங்களை மறுபடி பாட வச்சதுல காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு. நாட்டுக்காகப் பாடுங்கன்னு கூப்பிட்டார். காந்தி வரைக்கும் அவங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்னு சொல்லுவாங்க. வெளியே வந்தாங்க. வரும்போது அந்த வெள்ளைப் புடவையோடயே வந்தாங்க. அபசகுனம்னு ஒதுக்கற வேஷத்தோட ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி நின்னு, கூட்டத்தைத் தொடங்கி வைக்கிற முதல் பாட்டைப் பாடினாங்க. விதவை எதிர்ல வந்தா வீட்டுக்குள்ள திரும்பிப் போற வழக்கம் இருந்த ஊர்கள்ல, அவங்க முகத்தைப் பார்க்கணும்னு ஜனங்க மாட்டு வண்டி கட்டி வந்தாங்க. சண்டை போடாமலே ஜெயிச்ச விதம் இதுதான்.

ஒரு லட்ச ரூபா நந்தனார்

அடுத்தது சினிமா. ஜோடியா நடிக்க மாட்டேன்னு சொன்னவங்களை எப்படிக் கதாநாயகியாப் போடுறது? 1935-ல் நந்தனார் படம் எடுத்தவங்க அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நந்தனார் வேஷத்தையே அவங்களுக்குக் கொடுத்துட்டாங்க. சிதம்பரம் போகணும்னு உருகுற ஆண் அடியாரா அவங்க. நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியரா நடிச்சவர், கர்நாடக சங்கீதத்துல மகாவித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

அந்தப் படத்துக்கு அவங்க வாங்கின சம்பளம் ஒரு லட்ச ரூபாய். 1935-ல். இந்தியாவிலேயே வேற எந்த நட்சத்திரமும் அப்போ தொட்டுப் பார்க்காத தொகைன்னு சினிமா வரலாறு எழுதுறவங்க குறிப்பிடுவாங்க. கட்டுப்பாடு போட்டா வேலை கிடைக்காதுன்னு பயந்துக்கிட்டு இருக்கோமே நாம, அவங்க கட்டுப்பாட்டையும் விடலை, விலையையும் குறைக்கலை.

சங்கீதக் கண்ணோட வேற ஒண்ணு பாருங்க. சபா மேடையில கச்சேரி பண்ற வித்வானும், நாடகக் கொட்டகையில வளர்ந்த பாட்டுக்காரியும் ஒரே படத்துல எதிரும் புதிருமாப் பாடுறாங்க. நாடகப் பாட்டு ஒருபடி கீழேன்னு நினைச்ச காலம் அது. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளை அவங்க பாடினதைக் கேட்டவங்க யாரும் அப்படி நினைச்சிருக்க முடியாது. பின்னாள்ல 1966-ல் தமிழ் இசைச் சங்கம் அவங்களுக்கு இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்துக் கௌரவிச்சது.

1940-ல் மணிமேகலை. அங்கேயும் துறவிதான். பசிப்பிணி தீர்க்கிற அமுதசுரபியைக் கையில ஏந்தின துறவி. நல்லதங்காள் நாடகத்துல பசியோட அழுத அதே பிள்ளை, இப்போ ஊருக்குச் சோறு போடுற மணிமேகலை.

கேட்டு வாங்கின முதுமை

இப்போ நம்ம கதையோட நடு இடத்துக்கு வந்துட்டோம்.

ஔவையார் கதை உங்களுக்குத் தெரியும். பருவ வயசுல கல்யாணம் பேசுறாங்க. அந்தப் பொண்ணுக்கு மனசு தமிழ்லயும் தெய்வத்துலயும் மட்டும்தான் இருக்கு. பிள்ளையார் முன்னாடி போய் நிக்குது. என் இளமையை எடுத்துக்கோன்னு வேண்டுது. பிள்ளையார் அருள் பண்றார். ஒரு கணத்துல கிழவியாகி, கோலை ஊன்றிக்கிட்டு ஊர் ஊராத் தமிழ் சொல்லப் புறப்படுறாங்க.

1953-ல் ஜெமினி வாசன் ஔவையார் படத்தை வெளியிட்டார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். அதுல சின்ன வயசு ஔவையா குசலகுமாரி. அந்தப் பொண்ணு வேண்டி முடிச்சதும், கிழவியா எழுந்து வர்றவங்க கே.பி.எஸ்.

அவங்களுக்கு அப்போ 45 வயசுகூட முழுசா ஆகலை. ஆனா யாருக்கும் அது வேஷமாத் தெரியலை. ஏன்னா இருபது வருஷத்துக்கு முன்னாடியே, 25 வயசுல, அவங்க தன் இளமையை எடுத்து வச்சிட்டு வந்தவங்க. ஔவைக்குப் பிள்ளையார் கொடுத்தார். இவங்களுக்குக் காலம் கொடுத்தது. ரெண்டு பேரும் அந்த முதுமையைத் தண்டனையா வச்சுக்கலை. ஊர் ஊராப் போகவும், ராஜா முன்னாடி நிமிர்ந்து நிக்கவும், யாருக்கும் பயப்படாமப் பாடவும் அதைத் துணையா வச்சுக்கிட்டாங்க.

அந்தப் படத்துக்கப்புறம் தமிழனுக்கு ஔவைன்னா கே.பி.எஸ். முகம்தான். மேடையில வள்ளியா நின்ன பொண்ணை ஜனங்க மறந்தே போனாங்க. 1964-ல் பூம்புகார் படத்துல கவுந்தியடிகள், மறுபடி துறவி. நடுவுல சட்ட மேலவை உறுப்பினராவும் இருந்தாங்க. ரயில்ல பாடின பிள்ளை, சட்டம் பேசுற அவையில போய் உக்காந்தது.

பழனியாண்டி முன்னாடி

1965. ஏ.பி. நாகராஜன் எடுத்த திருவிளையாடல். இசை கே.வி. மகாதேவன். மாம்பழம் கிடைக்காத கோபத்துல ஆண்டிக்கோலம் பூண்டு மலைக்கு வந்துட்ட முருகனை, ஔவை போய்ச் சமாதானம் பண்ணணும். பழம் நீயப்பா பாட்டு பிறந்தது அந்தக் காட்சிக்குத்தான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் துறந்து கோவணத்தோட நிக்கிற பிள்ளை ஒரு பக்கம். எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு வெள்ளைப் புடவையோட முப்பத்திரண்டு வருஷமா நடக்கிற தாய் ஒரு பக்கம். துறவுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் துறந்து வந்தவனைச் சமாதானம் பண்ண முடியும். அந்தப் பாட்டுல கெஞ்சல் இருக்கு, உரிமை இருக்கு, ஒரு அம்மாவோட லேசான அதட்டல்கூட இருக்கு. இளமையில இதே முருகனோட தினைப்புனத்துல நின்னு தர்க்கம் பண்ணின குரல் அது. அந்தப் பழக்கம் போகுமா?

1967-ல் கந்தன் கருணை. அதுலயும் ஔவை அவங்கதான். முருகன் கேள்வி கேக்கக் கேக்க பதில் பாட்டா வருது. வள்ளி திருமண தர்க்கம் மறுபடி நடந்த மாதிரி. என்ன, இப்போ எதிர்ல நிக்கிற வேலன் குழந்தை, இவங்க பாட்டி. அந்தப் படத்தின் இசைக்காக கே.வி. மகாதேவனுக்கு தேசிய விருது கிடைச்சது.

1969-ல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன். தேவர் எப்பேர்ப்பட்ட முருக பக்தர்னு நமக்குச் சொல்லணுமா? அந்தப் படத்துல பாடினதுக்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கே.பி.எஸ். அம்மாவுக்கு. அப்போ வயசு அறுபதைத் தாண்டியாச்சு. மறு வருஷம் பத்மஸ்ரீ. அந்த வயசுல பாடினதையும் இருபத்துச் சொச்சம் வயசுல பிளேட்டுக்குப் பாடினதையும் அடுத்தடுத்து வச்சுக் கேட்டா, குரல் கனத்திருக்கு, ஆனா உச்சியில போய் நிக்கிற தைரியம் கொஞ்சமும் குறையலை.

1973-ல் காரைக்கால் அம்மையார். கணவன் விலகிப் போனதும் அழகையும் இளமையையும் இறைவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு, பேயுரு வாங்கிக்கிட்டு கயிலைக்குத் தலையால நடந்த அம்மையார். அந்த முதிய வேஷமும் இவங்களைத் தேடித்தான் வந்தது. தமிழ்ல இளமையைத் திருப்பிக் கொடுத்த அம்மாக்கள் ரெண்டு பேர், ஔவையும் காரைக்கால் அம்மையாரும். ரெண்டு பேருக்கும் உடம்பும் குரலும் கொடுத்தவங்க இவங்க.

1980-ல் கே.பி.எஸ். அம்மா முருகனடி சேர்ந்தார். 47 வருஷம் அந்த வெள்ளைப் புடவை.

எப்படிக் கேக்கலாம்?

பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கி யூடியூப்ல நிறைய பேர் புண்ணியத்துக்குப் போட்டு வச்சிருக்காங்க. கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்குச் சில குறிப்புகள்.

முதல்ல கிட்டப்பாவோட ஒரு பிளேட்டைக் கேளுங்க. ஊசி உரசுற சர சர சத்தம் ஒரு நிமிஷத்துக்கு எரிச்சலா இருக்கும். அதுக்கப்புறம் காது பழகிடும். மழைக்கு நடுவுல பேசுற மாதிரி, பேச்சு மட்டும் தனியாக் கேக்கத் தொடங்கும்.

அடுத்து, 1930 வாக்கில் சுந்தராம்பாள் பாடின முருகன் பாட்டு ஏதாவது ஒண்ணு. இவங்க சொல்லைக் கடிச்சுத் துப்பாம முழுசா உச்சரிக்கிறதைக் கவனிங்க. கடைசி வரிசை ஆளுக்காகப் பாடிப் பழகின வாய் அது.

ஒரு எச்சரிக்கை. சில பதிவுகள்ல குரல் ரொம்பக் கீச்சுனு கேக்கும். அது அவங்க தப்பு இல்லை. டிஜிட்டலாக்கும்போது தட்டு வேகமாச் சுத்தினா சுருதியும் ஏறிடும், மெதுவாச் சுத்தினா இறங்கிடும். ஒரே பாட்டுக்கு ரெண்டு மூணு பதிவு இருந்தா ஒப்பிட்டுப் பார்த்து, இயல்பாக் கேக்குறதை வச்சுக்கோங்க.

கடைசியா திருவிளையாடல் பாட்டுக்கு வாங்க. நூறு தடவை கேட்ட பாட்டுதான். படத்தைப் பார்க்காம, கண்ணை மூடிக்கிட்டு ஹெட்போன்ல கேளுங்க. இந்தத் தடவை பாட்டி மட்டும் பாட மாட்டாங்க. நல்லதங்காள் மேடையில பசின்னு அழுத பிள்ளை, கொழும்புல கிட்டப்பாவுக்கு ஈடு கொடுத்த வள்ளி, 25 வயசுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்த பொண்ணு எல்லாரும் அந்த ஒரே குரலுக்குள்ள இருப்பாங்க.

நம்மள்ல நிறைய பேர் முருகன்கிட்ட போறப்போ, பட்ட அடியையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு, சிரிச்ச முகத்தோடதான் போகணும்னு நினைக்கிறோம். வேலை போனவங்க, காதல் முறிஞ்சவங்க, வீட்ல யாரையாவது இழந்தவங்க. கே.பி.எஸ். அம்மா எதையும் வாசல்ல விடலை. எல்லாத்தையும் குரல்ல கட்டிக்கிட்டு, கொடுமுடித் தண்ணியைக் குடத்துல சுமக்கிற மாதிரி, சிந்தாம மலையேத்தினாங்க. பழனியாண்டி அதை அப்படியே ஏத்துக்கிட்டான். இன்னைக்கும் தைப்பூசத்தன்னிக்கு மலையடிவாரத்துல காலைல முதல்ல ஒலிக்கிற குரல்கள்ல அது ஒண்ணு.

அடுத்த கிருத்திகைக்கு விளக்கேத்திட்டு, ஒரு மூணு நிமிஷப் பிளேட்டு கேளுங்க. கேட்டுட்டு உங்க வீட்டுப் பாட்டிகிட்ட கே.பி.எஸ். பத்திப் பேச்சுக் கொடுங்க. அவங்ககிட்டயும் ஒரு கதை இருக்கும்.

படிச்சுப் பிடிச்சிருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
பழனியாண்டவனுக்கு அரோகரா!